நாமக்கல் கவிஞரின் ‘நாம்’ யார்?

சென்னைத் தலைமைச் செயலக வளாகத்தில் பத்து மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அரசின் பல துறைகள் அதில் இயங்குகின்றன. அதன் பெயர் நாமக்கல் கவிஞர் மாளிகை. தமிழ்நாட்டில் எத்தனையோ கவிஞர்களுக்குச் சிலை இருக்கிறது, தெருவுக்குப் பெயர் இருக்கிறது. அரசாணைகள் பிறக்கும் கட்டடத்துக்கே பெயராக நிற்கும் பேறு வெ. இராமலிங்கம் பிள்ளைக்கு வாய்த்திருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அவரது பாட்டு ஒன்றிரண்டாவது மனப்பாடமாக இருக்கும். சுதந்திர தின விழா என்றால் உப்புச் சத்தியாகிரகப் பாட்டு. தமிழ் மன்ற விழா என்றால் தமிழரின் பெருமை பேசும் பாட்டு.

இந்த இரண்டாவது பாட்டைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. கவிஞரைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. அவர் தமிழர் பெயரால் கொடுத்த வாக்கை, அவர் பிறந்த சமவெளி காப்பாற்றியிருக்கிறதா என்பதே கேள்வி.

முதலில் மனிதரைத் தெரிந்துகொள்வோம். 1888 அக்டோபர் 19 அன்று, இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் உள்ள மோகனூரில் பிறந்தவர். தந்தை போலீஸ் கான்ஸ்டபிள். இளமையில் ஓவியராகப் பெயர் பெற்றார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தில்லி தர்பாரையொட்டி வரைந்த ஓவியத்துக்குத் தங்கப்பதக்கம் வாங்கியவர். மன்னரை வரைந்த அதே கை, பிறகு மன்னரின் ஆட்சிக்கு எதிராகப் பாட்டு எழுதியது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்த தொண்டர்கள் பாடிக்கொண்டு போனது இவர் எழுதிய வழிநடைப் பாட்டு. ஆயுதம் ஏந்தாமல் ஒரு போர் நடக்கப்போகிறது, நம்பிக்கை உள்ளவர்கள் வந்து சேருங்கள் என்று அழைத்த பாட்டு அது. 1932இல் சிறைக்குப் போனார். 1949இல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியது. அவர் எழுதிய ‘மலைக்கள்ளன்’ நாவல் 1954இல் எம்.ஜி.ஆர். நடிக்க, மு. கருணாநிதி வசனத்தில் படமாகி ஓடியது. 1971இல் பத்மபூஷண். 1972 ஆகஸ்ட் 24 அன்று மறைந்தார்.

காந்தியவாதி என்ற முறையில் தீண்டாமையைக் கண்டித்தும் பாடியவர். இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அவரைச் சாதி வெறியர் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு கவிஞர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியைவிட, அவர் பாட்டு யார் வாயில் என்ன வேலை செய்கிறது என்ற கேள்வி நமக்கு முக்கியம்.

தமிழர் தனித்த இனத்தார், அவர்களுக்கென்று தனி இயல்பு உண்டு, அந்த இயல்பின் மையம் அன்பு என்ற பொருளில் நகர்கிறது அந்தப் பெருமைப் பாட்டு. பாட்டுக்குள் தமிழன் படர்க்கையில் வருகிறான். ஆனால் அதை மேடையில் நின்று சேர்ந்து பாடும்போது எழுவாய் தானாகவே ‘நாம்’ ஆகிவிடுகிறது. பாடுகிறவர், கேட்கிறவர், கைதட்டுகிறவர் எல்லோரும் அந்த ‘நாம்’க்குள் வந்துவிட்டதாக ஓர் உணர்வு எழுகிறது.

தமிழில் ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். நமக்கு இரண்டு. ‘நாம்’ என்றால் கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டு பேசுவது. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கணம் சொல்லும். ‘நாங்கள்’ என்றால் எதிரில் இருப்பவரை விலக்கிவிட்டுப் பேசுவது. பள்ளியில் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்திருப்போம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கும் தூரத்தை இதைவிடச் சரியாக அளக்கும் கருவி வேறு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் ‘நம்ம’ என்ற சொல் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். வாடகைக்கு வீடு தேடிப் போனால், வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் பேசுவார். “வாங்க தம்பி, உக்காருங்க. எந்தூருங்க? ஊர்ல எந்தப் பக்கமுங்க?” என்பார். பதில் பிடிபடவில்லை என்றால், “கோயில் எதுங்க? எந்தக் கூட்டமுங்க?” என்பார். அப்போதும் தெளியவில்லை என்றால் நேராகவே கேட்டுவிடுவார்: “நம்மாளுங்களா?” முனைவர் பட்ட ஆய்வுக்காக நகரத்தில் அறை தேடிய காலத்தில் இந்தக் கேள்வியை எத்தனை வாசலில் கேட்டேன் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை. “அப்புறம் போன் பண்றேனுங்க” என்ற பதிலையும் அத்தனை முறை கேட்டிருக்கிறேன். எந்தப் போனும் வரவில்லை. தமிழர் எல்லாரையும் அணைக்க வேண்டிய ‘நம்’ என்ற சொல்லே எங்கள் ஊரில் சாதி கேட்கும் சொல்லாக இருக்கிறது.

என் தாத்தா திருச்செங்கோடு பக்கத்தில் பண்ணயத்தில் இருந்தவர். வருடக் கூலிக்கு ஆளையே எழுதி வாங்குகிற முறை அது. பத்து வயதுப் பண்ணையார் வீட்டுப் பையன் அவரை “டேய்” என்பான். அவர் அந்தப் பையனைச் “சின்னப் பண்ணாடி” என்பார். அப்பா பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிப் பட்டறையில் முன்பணம் வாங்கித் தறி ஓட்டியவர். முன்பணம் தீராதவரை வேறு பட்டறைக்கு மாற முடியாது. வருடக் கூலி முன்பணமாக மாறியது, பண்ணாடி முதலாளியாக மாறினார். மேலே இருப்பவர் ஒருமையிலும் கீழே இருப்பவர் பணிவிலும் பேசும் இலக்கணம் மாறவில்லை. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் புதிதல்ல. பண்ணயத்தில் ஆடு மேய்க்கும் ஓர் அருந்ததியச் சிறுவனின் கதை அது. நடப்பது இதே மேட்டாங்காட்டில்தான்.

இந்தப் பின்னணியிலிருந்து வந்த ஒருவன் தலித் கவிதைகளைப் பற்றி ஆய்வு செய்கிறான் என்றால் என்ன கேள்வி வரும் என்று யூகிக்கலாம். ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்து முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். “தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஏன் இப்படிப் பிரிச்சுப் பிரிச்சுப் பேசறீங்க? நாம எல்லாரும் தமிழர்தானே?” என்றார். அரங்கில் கைதட்டல். நாமக்கல் கவிஞரின் பெயரையும் அவர் துணைக்கு அழைத்தார். அன்றைக்கு நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பதால் பதிலைப் பொதுவிலேயே வைக்கிறேன்.

‘தமிழன்’ என்ற சொல்லுக்கு நாமக்கல் கவிஞருக்கு முன்பே ஒரு வரலாறு உண்டு. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதன் பெயர் ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் மறையும்வரை அதை நடத்தினார். சாதிபேதமற்ற தமிழர் என்பது அவர் முன்வைத்த அடையாளம். இதில் கவனிக்க வேண்டியது அந்த முன்னொட்டு. சாதியை ஏற்காதவனே தமிழன். சாதியைத் தூக்கிப் பிடிப்பவன், எவ்வளவு அழகான தமிழ் பேசினாலும், அந்தப் பெயருக்குத் தகுதி இல்லாதவன். அதாவது ‘தமிழன்’ என்ற பெயர் அங்கே ஒரு நிபந்தனையோடு வந்தது.

நாமக்கல் கவிஞரின் பாட்டில் அந்த நிபந்தனை இல்லை. தமிழராகப் பிறந்தாலே போதும், பெருமை வந்துவிடும். சாதியை விடச் சொல்லாமலே தலை நிமிரச் சொல்லுகிறது அது. இதனால்தான் அந்தப் பாட்டைச் சாதிச் சங்க மாநாட்டுப் பந்தலிலும் பாட முடிகிறது. யாருக்கும் உறுத்தாது. அயோத்திதாசரின் ‘தமிழன்’ அந்தப் பந்தலுக்குள் நுழையவே முடியாது.

“அவர் அந்தக் காலத்து மனிதர், இன்றைய அளவுகோலை வைக்கலாமா?” என்று கேட்பார்கள். அயோத்திதாசர் அவருக்கு முந்திய காலத்து மனிதர். அந்த அளவுகோல் அன்றே இருந்தது. அது யார் கையில் இருந்தது என்பதுதான் வேறுபாடு.

1932ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கவிஞர் சிறைக்குப் போன ஆண்டு. அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கூடாது என்பது கோரிக்கை. 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. கையெழுத்திட்டவர்களில் ராஜாஜி உண்டு, இரட்டைமலை சீனிவாசன் உண்டு, எம்.சி. ராஜா உண்டு. அந்த ஐந்து நாள் போராட்டத்தைத் தமிழ் இலக்கணத்தில் சொல்வதானால் ‘நாம்’க்கும் ‘நாங்கள்’க்கும் நடந்த போராட்டம் என்று சொல்லலாம். இந்துக்களாகிய நாம் ஒன்று என்றார் காந்தி. நீங்கள் எங்களை உள்ளே விடாதவரை நாங்கள் வேறு என்றார் அம்பேத்கர். பிரிப்பவர் என்ற பழி ‘நாங்கள்’ என்று சொன்னவர் மீது விழுந்தது. கிணற்றிலிருந்தும் கோயிலிலிருந்தும் தெருவிலிருந்தும் பிரித்து வைத்தவர்கள் மீது அந்தப் பழி விழவே இல்லை. கருத்தரங்கில் எழுந்த கேள்வியும் அதே பழியின் பேரப்பிள்ளைதான்.

காந்திய வழி இந்த மண்ணில் என்ன செய்தது என்பதற்கும் கண்ணெதிரே சான்று இருக்கிறது. 1925இல் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு மூன்றும் அதன் வேலைத்திட்டம். தீண்டாமை ஒழிப்புக்குச் சுற்று வட்டார ஆதிக்க சாதியினரிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். கள்ளுக்கடையைச் சட்டம் போட்டு மூடியவர்கள், தனிக்குவளையை மனமாற்றத்துக்கு விட்டுவிட்டார்கள். வெள்ளையருக்கு எதிராக ஆயுதமில்லாத போருக்கு அழைத்த குரல், ஊர்த்தெருவுக்கு எதிராக அதே போரை நடத்த அழைக்கவில்லை. தீண்டாமையைக் கண்டிக்கும் காந்தியப் பாட்டுகள் எல்லாமே தீண்ட மறுப்பவரிடம் பேசுகின்றன. அவருடைய மனசாட்சியைத் தட்டுகின்றன. தீண்டப்படாதவர் அந்தப் பாட்டில் இரக்கத்துக்குரியவராக ஓரத்தில் நிற்பார். அவர் வாய் திறப்பதில்லை.

திராவிட இயக்கமும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில் நடந்த மாநாட்டில்தான். சாதி ஒழிப்பைப் பெரியார் கடைசிவரை விடவில்லை. ஆனால் இன்றைக்கு இந்தச் சமவெளியில் நிலம், விசைத்தறி, கோழிப்பண்ணை, லாரி, ரிக் வண்டி, கல்லூரி எல்லாம் யார் கையில் இருக்கின்றன? தனிக்குவளை வைப்பவர் யார்? பார்ப்பனரை மட்டும் காட்டிவிட்டு இந்தக் கேள்வியைக் கடந்துபோக நம் இயக்கங்களால் முடியாது. ‘தமிழர்’, ‘திராவிடர்’ என்ற இரண்டு ‘நாம்’களின் நிழலிலும் இடைநிலைச் சாதி ஆதிக்கம் வளர்ந்திருக்கிறது.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலுக்குப் போனார். அவர் தலித், அந்தப் பெண் ஆதிக்க சாதி. கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் தலை துண்டிக்கப்பட்ட உடல் கிடந்தது. ஆணும் பெண்ணும் ஒரே உடலில் பாதிப் பாதியாக நிற்கும் கடவுளின் கோயிலில், ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தது கொலைக் குற்றமானது. வழக்கின் முதன்மைக் குற்றவாளி யுவராஜ், ஒரு சாதி அமைப்பின் தலைவர். தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப் வழியாகத் தன் பேச்சுகளைப் பரப்பிக்கொண்டிருந்தார். சரணடைய வந்தபோது ஆதரவாளர் கூட்டம் திரண்டது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட 10 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. ஆனால் அந்தக் கூட்டம் யாரை ‘நம்மவர்’ என்று நினைத்துத் திரண்டது? அதே மாவட்டத்துக் கவிஞர் ஊட்டிய தமிழர் பெருமையில் கோகுல்ராஜுக்கு ஒரு பங்கு இருந்திருந்தால், அன்று திரண்ட கூட்டம் அவர் தாயின் வீட்டு வாசலில் அல்லவா திரண்டிருக்க வேண்டும்?

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் பெயரைத் தமிழ் வாசகருக்கு நெடுநாளாகத் தெரியும். பாரதி அவரைப் போற்றி எழுதியிருக்கிறார். விட்மன் 1855இல் தன் சொந்தச் செலவில் ‘புல்லின் இதழ்கள்’ தொகுப்பை வெளியிட்டார். தச்சர், படகோட்டி, உழவர், அடிமை என்று எல்லோரையும் உள்ளே அழைத்து, அத்தனை பேருக்காகவும் ‘நான்’ என்று பேசியவர். உள்நாட்டுப் போரின்போது வாஷிங்டன் மருத்துவமனைகளில் காயம்பட்ட படைவீரர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பணிவிடை செய்தவர். அமெரிக்கா என்றால் இவர் குரல்தான் என்று பாடநூல்கள் சொல்லும். ஆனால் அடிமை முறை ஒழிந்த பிறகு, கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை என்ற பேச்சு வந்தபோது அவர் உற்சாகம் காட்டவில்லை. அவர்களைத் தாழ்த்திப் பேசிய பேச்சுகளும் பதிவாகியிருக்கின்றன. பாட்டில் திறந்திருந்த கதவு, பேச்சில் மூடியிருந்தது.

அந்தக் கதவைத் தட்டியவர் லாங்ஸ்டன் ஹியூஸ். 1926இல் வந்த அவரது முதல் தொகுப்பில் ஒரு சின்னக் கவிதை இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் சமையலறைக்கு அனுப்பிவிடப்படும் ஒரு கறுப்பு மனிதன் அதில் பேசுகிறான். தானும் அமெரிக்காதான் என்கிறான். நாளைக்கு அதே மேசையில் உட்காருவேன் என்கிறான். விட்மனின் அமெரிக்கப் பாட்டுக்குக் கொடுத்த பதில் என்றே அதை எல்லோரும் படிக்கிறார்கள். தனிக்குவளையில் தேநீர் குடித்தவர்களுக்கு அந்தக் கவிதைக்கு உரை தேவையில்லை.

அதே ஹியூஸ் விட்மனைத் தூக்கி எறியவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. 1923இல் கப்பல் வேலைக்குச் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டபோது தன் புத்தகங்களையெல்லாம் கடலில் எறிந்தவர், விட்மனை மட்டும் வைத்துக்கொண்டார் என்று அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. 1946இல் இளைஞர்களுக்காக விட்மன் கவிதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்னுரை எழுதித் தொகுத்ததும் அவர்தான். விட்மன் கொடுத்த வாக்கை விட்மனைவிடத் தீவிரமாக நம்பியவர், அந்த வாக்கிலிருந்து விலக்கப்பட்ட ஒருவர். “நானும்” என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததால் அமெரிக்கக் கவிதை உடைந்துவிடவில்லை. அதற்கு முன்பு அது பாதியாக இருந்தது.

நம்மிடமும் அந்தப் பதில் வந்துவிட்டது. இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் பறை முழங்க ஊர் ஊராகக் கொண்டுபோன ‘மனுசங்கடா’ பாட்டைக் கேட்காத இயக்கத் தோழர் இருக்க மாட்டார். அந்தப் பாட்டின் எழுவாயைக் கவனியுங்கள். ‘நாம்’ இல்லை, ‘நாங்க’. எதிரில் நிற்பவனைப் பார்த்து, உன் கணக்கில் வராத நாங்கள் பேசுகிறோம் என்கிறது. 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் எழுந்த தலித் இலக்கியம் முழுக்க இந்த ‘நாங்கள்’தான் பேசியது. சுகிர்தராணி அதை ஒரு பெண்ணின் ‘நான்’ ஆக்கினார். நாமக்கல் கவிஞர் மறைந்த அதே 1972இல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் இயக்கம் உருவானதும், நாம்தேவ் தசாலின் ‘கோல்பிதா’ வெளிவந்ததும் தற்செயல்தான். ஆனால் எந்தக் குரல் ஓய்ந்து எந்தக் குரல் எழுந்தது என்று பார்க்கிறவர்களுக்கு அந்த ஆண்டு நினைவில் நிற்கும்.

அந்தக் குரலுக்கு என்ன மரியாதை கிடைக்கிறது? 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் மகாசுவேதா தேவியின் கதையையும் நீக்கியது. தில்லியைத் திட்டுவது எளிது. சேலத்திலும் நாமக்கல்லிலும் பள்ளிக் கவிதை ஒப்புவித்தல் போட்டிகளில் ஒரு தலித் கவிஞரின் கவிதை கடைசியாக எப்போது ஒலித்தது? நான் படித்த காலத்தில் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. தமிழர் பெருமைப் பாட்டைப் பிசகாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கிய காலனிப் பையன்கள் இருக்கிறார்கள். பரிசு வாங்கிய அன்று மாலை, அவர்கள் கைப்பந்து விளையாடப் போனால், பந்து ஊர்த்தெருப் பக்கம் விழுந்தால் எடுத்து வர முடியாது. இந்த இரண்டும் ஒரே நாளில் நடக்கும். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக எந்த ஆசிரியரும் சொல்லித் தந்ததில்லை.

பேராசிரியருக்கும், அவர் போல் கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான். ‘நாங்கள்’ என்று எழுதுவது பிரிவினை அன்று. இருக்கிற பிரிவினையைச் சரியான இலக்கணத்தில் எழுதுவது. எதிரில் நிற்பவர் என்னை உள்ளே சேர்க்காதபோது நான் ‘நாம்’ என்று சொன்னால் அது பொய் மட்டுமல்ல, இலக்கணப் பிழையும்கூட. ‘நாம்’ என்ற சொல்லைப் புழங்கும் உரிமையை முதலில் சம்பாதிக்க வேண்டியவர்கள், வாசலில் நிறுத்தி “நம்மாளுங்களா?” என்று கேட்பவர்கள்.

அதற்காக நாமக்கல் கவிஞரைக் கடலில் எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டடத்தின் பெயரை மாற்றவும் கேட்கவில்லை. ஹியூஸ் விட்மனை வைத்துக்கொண்டதுபோல் நாமும் அவரை வைத்துக்கொள்ளலாம். தமிழரின் இயல்பு அன்பு என்று சொன்னீர்களே, எங்கே காட்டுங்கள் என்று கேட்பதற்கு அந்தப் பாட்டு ஓர் ஆவணம். எழுதிக் கொடுத்த வாக்குமூலம் கையில் இருக்கும்போது அதை ஏன் கிழிக்க வேண்டும்?

செய்ய வேண்டியவை சில உண்டு. ஆண்டுதோறும் அக்டோபர் 19 அன்று அவர் படத்துக்கு மாலை போடும் விழாவில், அயோத்திதாசரின் ‘தமிழன்’ பற்றியும் ஒருவர் பேசட்டும். அவர் பெயரில் நடக்கும் போட்டிகளில் இன்குலாபும் சுகிர்தராணியும் இந்தப் பகுதியின் அருந்ததிய இளைஞர்கள் எழுதும் கவிதைகளும் இடம்பெறட்டும். எங்கள் பாட்டிகள் பாடிய ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் இந்தப் பகுதிக் கல்லூரித் தமிழ்த்துறைகள் பதிவு செய்து, இலக்கியம் என்று பெயரிட்டுப் பாடத்தில் வைக்கட்டும். பாட்டிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், இதற்கு அவகாசம் அதிகமில்லை. நாமக்கல் கவிஞர் மாளிகையில் உட்கார்ந்திருக்கும் அரசு, சாதி ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச்சட்டம் என்ற நெடுநாள் கோரிக்கையை நிறைவேற்றட்டும். அந்தக் கட்டடத்தின் பெயருக்கு அதைவிடப் பொருத்தமான மரியாதை வேறில்லை.

தமிழ்த் தேசியம் பேசும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேடையில் ‘நாம் தமிழர்’ என்று முழங்குமுன் உங்கள் ஊர்த் தேநீர்க் கடைக்கும் கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். அயோத்திதாசர் 1907இல் வைத்த நிபந்தனை இன்னும் அப்படியே இருக்கிறது. சாதியைக் கீழே வைத்துவிட்டு வருகிறவர்கள் வாருங்கள். அந்த நாளில் ‘நாங்கள்’ என்ற சொல்லை நாங்களே விட்டுவிடுவோம்.